மேற்படி, பதினொன்று

மார்ச் 3, திங்கள்

இன்றைய தவறு: மாநகரத்தின் முப்பதாண்டுத் திட்ட வரைபடத்தை மன்ற அலுவலகச் சுவரில் தலைகீழாக ஒட்டிவிட்டேன். காலை பத்து மணிக்கு ஒட்டியது. மதியம் இரண்டு மணிக்குத்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் உறுப்பினர்கள் மூன்று பேர் வந்து, அதன் முன்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்று, தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவரான நாற்றுப்பண்ணைக்காரர் தன் நிலம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்தே காட்டினார். நேராக்கிய பிறகு பார்த்தேன். அவர் விரல் வைத்த இடம் மாநகரத்தின் மறுகோடியில் இருக்கும் விமானத் தளம்.

மாலை வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வரைபடம் பழகுகிறவர்கள் தினமும் குறிப்பேடு எழுத வேண்டும், அதன் முதல் வரி அன்றைய தவறாக இருக்க வேண்டும். சில நாள் தவறே கிடைப்பதில்லை என்று மற்றவர்கள் புலம்புகிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் வந்ததில்லை.

எங்கள் ஊர் இரண்டுங்கெட்டான். மாநகரப் பேருந்துக்கு இது கடைசி நிறுத்தம்கூட இல்லை. கடைசி நிறுத்தத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வண்டி திரும்புவதற்காக மட்டும் வந்து போகும் இடம். ஒரு பக்கம் காய்கறித் தோட்டங்கள், மறுபக்கம் டயர்க் கடைகள். ஏழு உறுப்பினர்கள் உள்ள மன்றம், ஓர் அலுவலகம், ஓர் எழுத்தர். எழுத்தர் நான். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் அப்பா இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்ற பிறகு தேர்வு எழுதி நான் வந்தேன். நாற்காலி இன்னும் அவர் உயரத்துக்குத்தான் இருக்கிறது.

வரைபடத்தை நேராக்கியதும் முதலில் எங்கள் தெருவைத் தேடினேன். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். குடியிருப்புகளுக்கு மஞ்சள், சாகுபடிக்குப் பச்சை. சூளைத் தெரு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் இல்லை. சாய்கோடு போட்ட சாம்பல் நிறம் இருந்தது. பட்டியலில் பார்த்தேன். 'காலியிடம். உத்தேசப் பயன்: சரக்கு முனையம்.'

நான் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறேன். இன்று காலை அங்கிருந்துதான் நடந்து வந்தேன்.

மன்றத்தின் கருத்து மார்ச் 21 மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு திட்டத்தில் மாற்றம் கிடையாது என்று, வரைபடத்தோடு வந்த திட்டப் புத்தகத்தின் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய தவறு: மாநகரத் திட்ட அலுவலகத்தில் ஆறாவது மாடிக்குப் போவதற்குப் பதில் ஐந்தில் இறங்கி, கழிவுநீர்ப் பிரிவில் அரை மணி நேரம் காத்திருந்தேன். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். உட்காரச் சொன்னார்கள்.

திட்ட அலுவலருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சண்டை போட வந்தவளைப் பார்ப்பதுபோல் முதலில் பார்த்தார். சாம்பல் நிறத்தைக் காட்டி, இங்கே வீடுகள் இருக்கின்றன என்றேன். தெரியும், பதினொரு வீடு என்றார். வானிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் திறந்தார். எங்கள் தெரு முழுவதும் கூரையாகத் தெரிந்தது. எங்கள் மாடியில் அம்மா காயப்போட்ட போர்வைகூடத் தெரிகிறதோ என்று தேடினேன். கூரைகளின் மேல் எண்கள் இருந்தன. பதினொரு கூரைக்கு 'வீடு' என்று இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் 'சூளைக் கொட்டகை' என்று இருந்தது.

செங்கல் சூளை மூடி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் மன்றம் ஆண்டுதோறும் அனுப்பும் விவரப் படிவத்தைத்தான் அவர்கள் அடிப்படையாக எடுத்திருக்கிறார்கள். படிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். இருபது படிவங்கள். ஏழாம் பத்தி, சூளைத் தெரு, வீடுகளின் எண்ணிக்கை. முதல் படிவத்தில் 'பதினொன்று'. அடுத்ததில் 'மேற்படி'. அதற்கடுத்ததில் 'மேற்படி'.

"இருபது வருஷமா உங்க ஊர்ல யாருக்கும் கல்யாணமே ஆகலையா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யோசித்திருக்கிறார்.

முதல் பதினெட்டுப் படிவங்களும் அப்பாவின் கையெழுத்து. 'மே'யின் கொம்பை அவர் நீளமாக இழுப்பார். கடைசி இரண்டும் என்னுடையது. வேலையில் சேர்ந்த முதல் மாதம் முந்தைய ஆண்டின் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினேன். மேற்படி என்று இருந்தது, மேற்படி என்று எழுதினேன். அன்று மாலை அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்கும் போனேன்.

மன்றம் தீர்மானம் போட்டு, பழைய எண்ணிக்கை தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், தெருவை மஞ்சளாக்க வழி இருக்கிறது என்றார் அலுவலர். இல்லையென்றால் பதினொரு வீட்டுக்கு மட்டும் மாற்று இடம். கொட்டகைகளுக்குக் கிடையாது. இன்னொன்றும் சொன்னார். இப்போது எங்கள் ஊரில் மொத்தம் 287 வீடுகள் என்று கணக்கு. 320 தாண்டினால் 'பகுதி ஊரகம்' என்ற வகை போய்விடும். நகர விதிகள் வரும். மன்றமே பத்து வருடத்துக்குள் மாநகரத்தோடு சேர்ந்துவிடலாம்.

திரும்பும்போது பேருந்தில் என் பாதிக் கட்டண அட்டையைக் காட்டினேன். அதிலும் 'பகுதி ஊரகம்' என்றுதான் அச்சடித்திருக்கிறது. அந்த அட்டையால்தான் மாலை வகுப்புக்கே போகிறேன்.

மார்ச் 5, புதன்

இன்றைய தவறு: அப்பாவிடம் கேள்வியை எப்படித் தொடங்குவது என்று நான்கு விதமாக எழுதி வைத்துக்கொண்டு, ஐந்தாவது விதமாகக் கேட்டேன்.

"ஏழாம் பத்தியில எதுக்குப்பா மேற்படி?"

அப்பா செய்தித்தாளை மடித்தார். அந்தப் பத்தி எப்போதும் அப்படித்தான் என்றார். பிறகு தாளை மறுபடியும் விரித்தார். அம்மாதான் சமையலறையிலிருந்து பேசினாள். "பதினொண்ணாவது வீடு எதுன்னு கேளு அவரை."

பதினொன்றாவது வீடு எங்களுடையது.

இது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அப்பா எண்ணிய வருடம் எங்கள் வீடுதான் தெருவில் கடைசியாகக் கட்டியது. எனக்கு நான்கு வயது. வீடு பூசாமல் இருந்தது. எங்களுக்கு அப்பால் சூளைக் குழிகளை மண் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் எதிரில் தையலக்கா வீடு வந்தது. அதற்கப்புறம் வீடுகள் வந்துகொண்டே இருந்தன.

எங்கள் தெருவில் எந்த வீட்டையும் எண்ணால் சொன்னதில்லை. பச்சைக் கதவு வீடு, பூசாத வீடு, பம்பு வீடு. படிக்கட்டு மட்டும் மேலே ஏறி, அங்கே மாடியே இல்லாமல் வானத்தில் முடியும் ஒரு வீடு இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அந்தப் படிக்கட்டில் வரிசையாக உட்காருவோம். உயரமான படி மூத்தவர்களுக்கு. ஒவ்வொரு வருடமும் ஒரு படி மேலே ஏறலாம். நான் கடைசிப் படிக்கு வந்த வருடம் அவர்கள் மாடி கட்டிவிட்டார்கள்.

எப்போதும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் மணல் குவிந்திருக்கும். புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரையின் ஈர வாசனை எனக்கு இன்றைக்கும் தெருவின் வாசனைதான். தண்ணீர் லாரி முனையில் திரும்பும்போது இரண்டு முறை ஹாரன் அடிக்கும். குடத்தோடு ஓடுவோம். முதல் தெருவிளக்கு வந்த அன்று, வீட்டில் விளக்கு இருந்தும், பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கம்பத்தடியில் போய் உட்கார்ந்தோம். அந்தக் கம்பத்துக்கு எண் எழுதியவர் அப்பா. தார் டப்பாவும் தூரிகையுமாக அவர் நின்றார். நான் டப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பங்களை எல்லாம் அவர் ஒழுங்காக எண்ணினார்.

இதை எழுதும்போது ஒரு சந்தேகம் வருகிறது. அந்த நாட்களை நான் இவ்வளவு விரும்புவது, அவை நல்ல நாட்கள் என்பதாலா, அல்லது அப்போது எந்தப் படிவமும் என் கையில் இல்லை என்பதாலா?

மார்ச் 6, வியாழன்

இன்றைய தவறு: தலைவரம்மாவின் கடையில் சிமெண்டு மூட்டை மேல் கோப்பை வைத்துவிட்டேன். படிவ நகல்கள் எல்லாம் வெள்ளை.

தலைவரம்மா இரும்பும் சிமெண்டும் விற்கிறார். மன்ற வேலையையும் கடையிலேயே பார்ப்பார். எங்கள் தெருவின் பாதி வீடுகளுக்குக் கம்பி அங்கிருந்துதான் போனது. எந்த வீட்டுக்கு எத்தனை கம்பி என்று மனப்பாடமாகச் சொல்வார். அவரிடம் படிவங்களைக் காட்டினேன். நிதானமாகப் புரட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் அந்தந்தக் காலத் தலைவரின் கையெழுத்து. முதல் ஒன்பது வருடம் அவருடைய மாமனார். கடைசி ஐந்து வருடம் அவரே.

நாற்றுப்பண்ணைக்காரரும் அங்கே இருந்தார். தானாகப் போய்த் தலையைக் கொடுக்கலாமா என்பது அவர் கட்சி. சின்ன ஊராக இருந்தவரை யாரும் நம்மைத் தேடி வரவில்லை, பெரிய ஊர் என்று கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஒரு செடி நடக்கூட ஆறாவது மாடியில் அனுமதி கேட்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பேருந்து திரும்பும் இடத்தில் முன்பு ஒரு பெரிய மரம் இருந்ததாம். ஓட்டுநர்கள் அதன் நிழலில் பத்து நிமிடம் தூங்குவார்களாம். ஊரில் அவசரமாகப் போகிறவர்களும் அந்தப் பத்து நிமிடம் காத்திருப்பார்களாம். யாரும் எழுப்ப மாட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

தலைவரம்மா ஒரு நடுவழி சொன்னார். 'சூளைத் தெருவில் சமீபத்தில் பலர் குடியேறியுள்ளனர், அவர்களைக் கருத்தில் கொள்க' என்று எழுதிவிடலாம். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. நான் அதை அப்படியே எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் திட்டப் புத்தகத்தின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. திட்ட ஆய்வு தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. ஆய்வு தொடங்கிய பிறகு வந்த வீடுகள் கணக்கில் வரா. சமீபத்தில் என்று எழுதினால், நாங்களே அவற்றைக் கொட்டகை என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகும்.

அதைச் சொன்னேன். தலைவரம்மா சற்று நேரம் தராசின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த வீடு எந்த வருடம் வந்தது என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. இதையும் இன்றைய தவறுகளில் சேர்க்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய தவறு: நாற்காலி ஆறு போட்டேன். வந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல்.

தெருக்காரர்களை எங்கள் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தேன். எந்த வருடம் குடிவந்தீர்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் வருடம் தெரியவில்லை. மூத்தவன் பல் முளைத்தபோது, இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் எரிந்த மழைக்கு அடுத்த மாதம், முதல் குழாய் வந்த பிறகு, இரண்டாவது குழாய் வருவதற்குள். இப்படித்தான் பதில் வந்தது. முதலில் கையைப் பிசைந்தேன். பிறகு அலுவலகத்தில் குழாய்ப் பதிவேடும் விளக்குக் கம்பப் பதிவேடும் இருப்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். குழாய்க்கும் கம்பத்துக்கும் தேதி உண்டு. மனிதர்கள் குழாயைச் சொன்னார்கள், குழாய் தேதியைச் சொன்னது.

அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டியதே இல்லாமல் போனது. அவர்களே ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். நாலாம் கம்பம் நடும்போது உன் வீட்டில் கதவே இல்லை, பாய்தான் தொங்கியது என்று ஒருவர் சொல்ல, பாய் இருந்தது உன் வீட்டில், என் வீட்டில் அதுவும் இல்லை என்றார் மற்றவர். பம்பு வீட்டுத் தாத்தா, தான் குடிவந்த அன்று இரவு முழுக்கத் தவளை கத்தியது, இப்போது தவளையும் இல்லை தூக்கமும் இல்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மழைக்காலத்தில் செங்கல்லை வரிசையாகப் போட்டு அதன்மேல் நடந்து பள்ளிக்குப் போனதை, முப்பது வயதுக்காரர் ஒருவர் நடந்தே காட்டினார்.

அப்பா உள்ளே இருந்தார். சன்னல் திறந்திருந்தது.

படிவத்தில் பதினொன்று என்று இருக்கும் செய்தியை நான் எப்படியும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கடைசி இரண்டு வருடம் எழுதியது நான் என்றும் சொன்னேன். எதிர்வீட்டுத் தையலக்கா விரல் விட்டு எண்ணினாள். மேற்கு முனையிலிருந்து தொடங்கி, எங்கள் கதவில் வந்து நிறுத்தினாள். பிறகு சன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"நல்லாத்தாண்ணே எண்ணியிருக்கீங்க. உங்க வீடு வந்ததும் விரல் வலிச்சிருச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவள் வீடு பன்னிரண்டாவது. என் பள்ளிச் சீருடை எல்லாம் அவள் தைத்ததுதான்.

அப்பா சன்னலை மூடவில்லை. மாலையில் வகுப்புப் பாடத்துக்காக உட்கார்ந்தேன், கோடு ஒன்றுகூட நேராக வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைய தவறு: தீர்மான வரைவில் தேதியை மார்ச் 13 என்று எழுதி, திருத்தி, மறுபடியும் 13 என்றே எழுதினேன். கூட்டம் நாளை, 12.

வரைவில் முக்கியமான வரி இது: 'எழுத்தர்களின் கவனக்குறைவால் சூளைத் தெருவின் வீட்டு எண்ணிக்கை பத்தொன்பது ஆண்டுகள் திருத்தப்படாமல் விடப்பட்டது.' அப்பாவைக் காப்பாற்றும் வரி இதைவிட மென்மையாக எனக்கு எழுத வரவில்லை. கவனக்குறைவு என்றால் ஒரு கண்டனத்தோடு போய்விடும். வேண்டுமென்றே செய்தது என்றால் விசாரணை வரும், ஓய்வு பெற்றவரையும் கூப்பிடுவார்கள். அலுவலரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். வெறும் கவனக்குறைவு என்றால், அந்த வீடுகள் எப்போது வந்தன என்று மன்றத்துக்கே தெரியாது என்றுதான் மேலே எடுத்துக்கொள்வார்கள். குழாய்ப் பதிவேடு துணைச் சான்று மட்டும்தானாம். மன்றம் தெரிந்து சொல்வதுதான் முதல் சான்றாம்.

வரைவை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தாள் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. அப்பா சன்னலோரம் நின்று, மூக்குக் கண்ணாடியைச் சட்டைநுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, புதன்

இன்றைய தவறைக் கடைசியில் எழுதுகிறேன்.

கூட்டம் பதினொரு மணிக்கு. ஏழு உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள். வரைபடம் சுவரில் நேராகவே இருந்தது. நான் தீர்மானத்தைப் படித்தேன். கவனக்குறைவு என்ற இடத்தில் குரல் கொஞ்சம் கீழே போனது. கடைசி இரண்டு ஆண்டு எழுதியது நான் என்று சேர்த்துச் சொன்னேன். நாற்றுப்பண்ணைக்காரர் எழுந்தார். அவர் பேசத் தொடங்குவதற்குள் கதவு திறந்தது.

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஓய்வு பெற்ற நாளுக்குப் பிறகு அவர் இந்த அறைக்கு வந்ததில்லை. பேச அனுமதி வேண்டும் என்று முறைப்படி கேட்டார். தலைவரம்மா தலையசைத்தார்.

"கவனக்குறைவுன்னு எழுதாதீங்க. நான் கவனமாத்தான் எழுதினேன்."

அப்பா மேசையருகே வந்தார்.

"வருஷா வருஷம் தெருவுல நடந்து எண்ணிட்டுத்தான் வந்து உக்காருவேன். ரெண்டாவது வருஷம் பதினேழு. அடுத்த வருஷம் இருபத்தாறு. பள்ளிக்கூடம் வந்த வருஷம் நாப்பத்தொண்ணு. எண்ணிட்டுத்தான் மேற்படின்னு போட்டேன்."

நாற்றுப்பண்ணைக்காரர் நின்றபடியே இருந்தார். உட்காருவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தக் கடைசி ரெண்டு வருஷம் அவளோடது. அவளுக்கு வேணா கவனக்குறைவுன்னு போட்டுக்கங்க."

இரண்டு உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் எண்ணவே இல்லை. அவர் எண்ணிவிட்டுப் பொய் எழுதினார். நான் எண்ணாமலே பொய் எழுதினேன். இரண்டில் எது மோசம் என்று அந்த நேரத்தில்கூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதற்காக அப்படி எழுதினீர்கள் என்று தலைவரம்மா கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தார். வரைபடத்துக்குப் பக்கத்தில் முன்னாள் தலைவரின் புகைப்படம் இருக்கிறது. தலைவரம்மாவின் மாமனார். அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஊர் பெரிதாகத் தெரியக் கூடாது என்று அப்போது ஒரு எண்ணம் இருந்தது என்றார். யாருடைய எண்ணம் என்று சொல்லவில்லை.

"யார் சொன்னதுன்னும் சொல்லிடுங்கண்ணே."

"வேணாம்மா. இறந்தவங்க."

"பேர் இல்லாம தீர்மானம் நிக்காது. நான் பாத்துக்கறேன், சொல்லுங்க."

அப்பா சொன்னார். நகரமாகிவிட்டால் மன்றம் மூடிப்போகும், நம் ஊரை ஆறாவது மாடியில் உட்கார்ந்து ஆளுவார்கள், சின்னதாகவே இருப்போம் என்று முன்னாள் தலைவர் வாய்மொழியாக உத்தரவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் கேட்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. தலைவரம்மா என்னிடம் திரும்பி, அப்படியே எழுதச் சொன்னார். 'அப்போதைய தலைவரின் வாய்மொழி உத்தரவின்படி, எண்ணிக்கை தெரிந்தே' என்று எழுதினேன். அவருடைய சொந்தக் கையெழுத்தும் கடைசி ஐந்து படிவங்களில் இருப்பதை அவரே சொல்லி, அதையும் சேர்க்கச் சொன்னார்.

அப்புறம் நாற்றுப்பண்ணைக்காரர் பேசினார். கோபமாகப் பேசவில்லை. இந்தத் தீர்மானம் நிறைவேறினால் இந்த அறையில் நாம் இப்படி உட்காருவது இன்னும் சில வருடம்தான் என்றார். தண்ணீர்க் குழாய் உடைந்தால் உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டும் ஊர் இது, இனிமேல் புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் ஊராகும் என்றார். தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தேன். படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, பகுதி ஊரகம் என்ற சொல் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லுக்குள்தான் நாங்கள் வளர்ந்தோம்.

கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவு நான்கு. எதிர்ப்பு மூன்று.

வெளியே வரும்போது அப்பா எனக்கு முன்னால் நடந்தார். விசாரணை வரும் என்று சொன்னேன். வரட்டும் என்றார். தெருமுனையில் தையலக்கா நின்றிருந்தாள். செய்தி அதற்குள் அவளிடம் போய்விட்டது. எங்கள் ஊரில் தீர்மானத்தைவிட அது வேகமாகப் போகும்.

"எண்ணிட்டே பொய் எழுதினீங்களாமே?"

"ஆமா."

"அப்ப என் வீட்டையும் எண்ணுனீங்க."

"பன்னெண்டு. அந்த வருஷம் உனக்கு வாசப்படி இல்ல."

அவள் திரும்பித் தன் வீட்டு வாசற்படியைப் பார்த்தாள். அப்பா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, அவள் கொடுக்கவும் இல்லை. இருவரையும் எனக்குப் புரிந்துகொள்ள முடிந்தது என்று சொன்னால் அது பொய்.

இன்றைய தவறு: கவனக்குறைவு என்ற ஒரு சொல்லால் அப்பாவைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். அவருக்கு அது பொய்யைவிடப் பெரிய அவமானம் என்று இருபத்துநான்கு வருடம் அவரோடு இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்றைய தவறு: தீர்மானத்தின் நகலைக் கையெழுத்து இல்லாத பக்கத்தோடு எடுத்துப்போனேன். திரும்பி வந்து மறுபடியும் போனேன். நான்கு பேருந்து.

அலுவலர் மூன்று முறை படித்தார். எண்ணிக்கை தெரிந்தே என்ற இடத்தில் நிறுத்தினார். இப்படி ஒரு மன்றம் எழுதி அவர் பார்த்ததில்லையாம். விசாரணைப் பிரிவுக்கு ஒரு நகல் போகும், அதைத் தடுக்கத் தன்னால் முடியாது என்றார். அப்பாவுக்கும் தலைவரம்மாவுக்கும் கடிதம் வரும். எனக்கும் வரும். ஆனால் தெரு கொட்டகை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார். என் எதிரிலேயே திரையில் சாய்கோட்டை அழித்தார். சாம்பல் போய் வெறும் வெள்ளையாக நின்றது.

மஞ்சள் போட எண்ணிக்கை வேண்டும் என்றார். இப்போது எத்தனை வீடு?

எனக்குத் தெரியவில்லை. எண்பதுக்கு மேல் என்றேன். அப்பா கடைசியாக எண்ணியது மூன்று வருடத்துக்கு முன். அதன் பிறகு யாரும் எண்ணவில்லை. அலுவலர் பொறுமையாக இருந்தார். வீடு வீடாகப் போய் எண்ணி, ஒவ்வொரு குடும்பமும் குடிவந்த ஆண்டைக் குறித்து, எழுத்தரும் தலைவரும் கையெழுத்திட்டு 21-ஆம் தேதிக்குள் கொடுத்தால் மஞ்சள் போடுவதாகச் சொன்னார். வாய்மொழியாகச் சொன்னார். எழுதித் தரக் கேட்டேன். எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். நாளை கூட வருகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம், தன் கை பட்டால் அந்தக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். பிறகு, பின்கட்டு வீடுகளை வாசலில் நின்று எண்ணாதே, உள்ளே போய்ப் பார், ஒரே கதவுக்குள் இரண்டு அடுப்பு இருக்கும் என்றார். அதைக் குறித்துக்கொண்டேன்.

நாளை: காலை ஆறரைக்குத் தெருவின் மேற்கு முனையில் தொடங்க வேண்டும். இடப்பக்கம் முழுவதும் முடித்துவிட்டு வலப்பக்கம் திரும்ப வேண்டும். வீட்டுக்கு ஒரு வரி: எண், குடும்பத்தலைவர், அடுப்புகள், குடிவந்த ஆண்டு, சாட்சி. பூட்டிய வீடுகளுக்கு மாலையில் மறுபடியும் போக வேண்டும். வகுப்புக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். சுண்ணக்கட்டி இரண்டு பெட்டி வாங்க வேண்டும்.